துறைமுகத்து மொழிகள்: யோருபா, கெச்சுவா, ராயபுரத்துத் தமிழ்

மொழிகளை ஒப்பிடுவது என்பது நம்மிடையே எப்போதுமே ஒரு கௌரவப் பிரச்சினையாகத்தான் இருந்து வந்திருக்கிறது. தமிழைச் சமஸ்கிருதத்தோடு ஒப்பிடுவோம். கிரேக்கம், லத்தீன், ஹீப்ரு என்று பட்டியல் போடுவோம். 2004இல் மைய அரசு செம்மொழி என அறிவித்த பிறகு அந்தப் பட்டியலுக்கு அரசு முத்திரையும் கிடைத்துவிட்டது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் போலவே, யாரோடு ஒப்பிடாமல் இருக்கிறோம் என்பதும் ஒரு அரசியல்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா, ஆண்டிஸ் மலைகளின் கெச்சுவா ஆகியவற்றின் பக்கத்தில் தமிழை உட்கார வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றியதே இல்லை. 'அதெல்லாம் காட்டு ஜனங்க பாஷை' என்கிற எண்ணம் நமது முற்போக்காளர்களிடமும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இக்கட்டுரையில் அந்த வேலையைச் செய்து பார்க்க முயல்கிறேன். தமிழ் என்று இங்கே நான் சொல்வது சங்கத் தமிழை அல்ல. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி நீண்டு கிடக்கும் வடசென்னையில், நான் பிறந்து வளர்ந்த தெருக்களில், பேசப்படும் தமிழ். அதோடு பின்னிக் கிடக்கும் தெலுங்கு. இந்த மொழிகளுக்குள் ரத்த உறவு கிடையாது. ஆனால் கப்பல் வந்து நின்ற கரைகளில், வேலை வாங்க வந்தவர்களின் தேவைக்காக எழுத்தில் ஏற்றப்பட்டு, இலக்கணம் எழுதப்பட்டு, உயர்ந்தது தாழ்ந்தது எனத் தரம் பிரிக்கப்பட்ட ஒரு வரலாறு இவற்றுக்குப் பொதுவாக இருக்கிறது. ஒப்பிட வேண்டியது அதைத்தான் என்பது எனது வாதம்.

1

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடுவோம். யோருபா, நைஜர்-காங்கோ மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனின் நாட்டிலுமாக நான்கு கோடிப் பேருக்கு மேல் பேசுகிறார்கள். அது தொனி மொழி. 'ஒக்கொ' என்ற ஒரே ஒலிக்கூட்டத்தைக் குரலை ஏற்றியும் இறக்கியும் சொன்னால் கணவன், மண்வெட்டி, படகு, ஈட்டி என்று நான்கு பொருள் வந்துவிடும். விகுதிகள் அதிகம் ஒட்டுவதில்லை. சொற்கள் நிற்கும் வரிசையே பெரும்பாலும் இலக்கணமாகிறது.

பெரு, பொலிவியா, ஈக்குவடார் நாடுகளில் பேசப்படும் கெச்சுவா இதற்கு நேர் எதிர். தொனி இல்லை. வேர்ச்சொல்லுக்குப் பின்னால் விகுதி மேல் விகுதியாகச் சேர்ந்துகொண்டே போகும். 'வாசி' என்றால் வீடு, 'வாசிகுனா' வீடுகள், 'வாசிகுனாபி' வீடுகளில். வினைச்சொல் வழக்கமாகக் கடைசியில் வரும். தமிழ் பேசுகிறவருக்கு இது பழகிய தெருவில் நடப்பது மாதிரி இருக்கும். கண்ணால் பார்த்ததைச் சொல்ல ஒரு விகுதி, பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்ல இன்னொரு விகுதி என்று கெச்சுவாவில் உண்டு. நமது 'வந்தானாம்', 'செத்தானாம்' என்பதில் வரும் 'ஆம்' செய்கிற வேலையை அங்கே 'சி' செய்கிறது. 1608 வாக்கில் வாரோச்சிரி மலைப்பகுதியில் எழுதப்பட்ட கெச்சுவாக் கையெழுத்துப் பிரதியில் பழைய தெய்வங்களின் கதைகள் பெரும்பாலும் இந்த 'ஆம்' போட்டே சொல்லப்படுகின்றன.

இப்படிப்பட்ட ஒற்றுமைகளைக் கண்டவுடன் இன்கா மன்னர்களைக் குமரிக்கண்டத்திலிருந்து கப்பல் ஏற்றி அனுப்பிவிடும் ஆட்கள் நம்மிடம் உண்டு. அட, சும்மா இருங்கப்பா. துருக்கி மொழியும் ஜப்பானிய மொழியும்கூட ஒட்டுமொழிகள்தான். ஒட்டுவதாலேயே உறவாகிவிடாது. வம்சாவளி தேடுவதும் ஒருவகைச் சாதிப்புத்தி என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். தெலுங்கில் மனமு, மேமு. கெச்சுவாவிலும் அப்படியே: ஞொகன்ச்சிக், ஞொகைக்கு. யோருபாவில் இந்தப் பாகுபாடு கிடையாது, 'ஆவா' ஒன்றுதான். ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கிடையாது. 1560இல் ஸ்பெயினின் வயதோலித் நகரில் அச்சான முதல் கெச்சுவா இலக்கணத்தில் டொமிங்கோ டெ சான்டோ தோமாஸ் என்ற பாதிரியார் இந்த இரண்டு 'நாம்'களையும் பதிவு செய்கிறார். ஐரோப்பியர் ஒருவர் இதை எழுதி வைத்தது அதுவே முதல் தடவை என்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு இது இலக்கண விநோதமாகப் பட்டிருக்கலாம். மாதா கோயில் ஜெபத்தை மொழிபெயர்க்கும்போதோ அது தலைவலியாகிறது. கடவுளிடம் பேசும்போது கடவுளையும் சேர்த்து 'நம் பிதாவே' என்பதா, விலக்கி 'எங்கள் பிதாவே' என்பதா? கெச்சுவா ஜெபத்தில் 'யாயாய்க்கு' என்று கடவுளை வெளியே நிறுத்திய வடிவம்தான் வருகிறது. ராயபுரத்து மாதா கோயிலிலும் 'எங்கள்'தான். யோருபா ஜெபத்துக்கு இந்தச் சங்கடமே இல்லை. மொழிகளுக்கிடையே உள்ள வேறுபாடு எங்கே உயிர் பெறுகிறது என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்: இலக்கண நூலில் அல்ல, யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்ற இடத்தில்.

2

இந்த மொழிகளை முதலில் ஒப்பிட்டவர்கள் யார்?

தமிழில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1584இல், லீமாவில் அன்டோனியோ ரிக்கார்டோ என்பவரின் அச்சகத்தில் ஸ்பானிஷ், கெச்சுவா, ஐமரா மும்மொழி ஞானோபதேச நூல் வெளிவந்தது. தென்னமெரிக்காவில் அச்சான முதல் நூல் அதுதான். இந்தியாவின் முத்துக்குளித்துறைப் பரதவரும் ஆண்டிஸ் மலைவாசிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வகைப் புத்தகத்தின் வழியாக அச்சு உலகத்துக்குள் இழுக்கப்பட்டார்கள். யோருபாவுக்கு இது வர 1843 ஆனது.

மொழிபெயர்ப்பு ஒன்றும் அப்பாவித்தனமான காரியமல்ல. சான்டோ தோமாசின் 1560ஆம் ஆண்டு அகராதியில் 'சுபாய்' என்ற கெச்சுவாச் சொல் நல்ல ஆவி, கெட்ட ஆவி இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. பிறகு பாதிரிமார் கையில் அது வெறும் பிசாசாகிப் போனது. யோருபாக்களின் எஷு, தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவே தூது போகிற, குறும்பு செய்கிற ஒரு தெய்வம். யோருபா விவிலியத்தில் அவர் சாத்தானாக்கப்பட்டார். ஒரு மக்களின் தெய்வத்தை இடிக்கக் கடப்பாரை தேவையில்லை, ஒரு அகராதி போதும்.

அடுத்த கட்டத்தில் பாதிரியோடு அதிகாரியும் வருகிறார். சென்னையில் 1812இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் வந்த கம்பெனி இளைஞர்களுக்கு இந்த நாட்டு மொழிகளைக் கற்பிப்பதே அதன் நோக்கம். அதை நடத்திய எல்லிஸ், 1816இல் கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில், தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை, தமிழ் கன்னடத்தோடு ஒரே குடும்பம் என்று சான்றுகளோடு காட்டினார். அந்தச் சான்றுகளுக்குப் பின்னால் பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்ற கல்லூரிப் பண்டிதர்களின் உழைப்பு இருந்ததை டிராட்மன் தமது ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். கால்டுவெல் 1838இல் சென்னைக் கரையில் வந்து இறங்கியவர். அவரது ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதும் அதே 1856இல்தான். இதில் மர்மம் ஏதுமில்லை. தண்டவாளமும் ஒப்பிலக்கணமும் ஒரே காலத்தின் தேவைகள்.

இதே பத்தாண்டில், 1854இல், கோலே என்ற ஜெர்மானியப் பாதிரியார் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளின் சொற்களை அருகருகே அடுக்கி ஒரு பெரும் நூல் வெளியிட்டார். ஆப்பிரிக்காவைச் சுற்றி அலைந்து சேகரித்தவை அல்ல அவை. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு ஃபிரீடவுன் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதியவை. அவர்களைக் கடத்திய வியாபாரம் இல்லாவிட்டால் அத்தனை மொழிகள் ஒரு ஊரில் சேர்ந்திருக்காது. ஒப்பியல் என்ற அறிவுத்துறையின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்று கிடைக்காது.

நமக்கும் பெருவுக்கும் நேரடித் தொடர்பே உண்டு. கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேய அதிகாரி 1860இல் ஆண்டிஸ் காடுகளிலிருந்து சின்கோனாக் கன்றுகளைக் கடத்தி வந்து நீலகிரியில் பயிரிட ஏற்பாடு செய்தார். அதே மார்க்கம் 1864இல் கெச்சுவாவுக்கு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார். நமது பாட்டிமார் மலேரியாவுக்கு விழுங்கிய 'கொயினா' மாத்திரையின் பெயரில் இருப்பது மரப்பட்டையைக் குறிக்கும் கெச்சுவாச் சொல். மரக்கன்றை எடுத்த கைதான் இலக்கணத்தையும் எழுதியது.

மொழிகளின் பெயர்கள்கூட இப்படித்தான். கெச்சுவா பேசுகிறவர்கள் தங்கள் மொழியை 'ருனாசிமி', அதாவது மனிதர் பேச்சு, என்பார்கள். 'யோருபா' என்பது ஓயோ அரசின் மக்களுக்கு வடக்கிலிருந்தவர்கள் வைத்த பெயர்; மிஷனரிகள்தான் அதை எக்பா, இஜெபு என்று எல்லோருக்கும் விரித்தார்கள். அதுவரை அந்த மக்கள் ஃபிரீடவுனில் 'அகு', கியூபாவில் 'லுகுமி', பிரேசிலில் 'நாகோ'. இறக்கிவிடப்பட்ட கரைக்கு ஒரு பெயர்.

இந்த வரிசையில் விதிவிலக்கு ஒருவர் உண்டு: சாமுவேல் அஜயி க்ரௌதர். 1821இல் சிறுவனாகப் பிடித்து விற்கப்பட்டவர். மறுவருஷம் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு ஃபிரீடவுன் வந்தார். 1843இல் யோருபாச் சொற்களஞ்சியம், பிறகு இலக்கணம், விவிலிய மொழிபெயர்ப்பு. 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப். தகவலாளியாக இருந்திருக்க வேண்டியவர் இலக்கணக்காரர் ஆனார். எஷுவைச் சாத்தானாக்கிய மொழிபெயர்ப்பு வேலையிலும் அவருக்குப் பங்குண்டு. கடைசிக் காலத்தில் இளம் வெள்ளை மிஷனரிகள் அவருடைய அதிகாரத்தைப் பறித்து அவமானப்படுத்தினார்கள். பேசுகிறவன் கையில் பேனா வந்துவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதற்கும் அவரே சாட்சி.

3

இலக்கணத்தை விட்டு வேலைச் சொற்களுக்கு வருவோம். என்னைக் கேட்டால் ஒப்பிலக்கணத்தை இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

கெச்சுவாவில் 'மித்தா' என்றால் முறை, அதாவது 'என் முறை, உன் முறை' என்பதில் வரும் முறை. ஊர்ப் பொதுவேலையை ஆள் மாற்றி ஆள் செய்வதற்கு அந்தப் பெயர். 1573இல் ஸ்பானிஷ் ஆளுநர் தொலேதோ இதே சொல்லைப் பிடித்துக்கொண்டு, மலைக் கிராமங்களின் ஆண்களில் ஏழில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அனுப்பும் சட்டமாக மாற்றினார். 1812 வரை அது நீடித்தது. ஐமரா பேசிய பொத்தோசி வட்டாரம் கெச்சுவா பேசும் வட்டாரமாக மாறியதும் இந்தச் சுரங்கத்தால்தான். மொழி 'வளர்ந்தது' என்று சொல்லும்போது யாருடைய முதுகின் மேல் வளர்ந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

யோருபாவில் 'இவோஃபா' என்றொரு சொல். வாங்கிய கடனுக்கு ஈடாகத் தன் உழைப்பையோ பிள்ளையின் உழைப்பையோ அடகு வைத்தவர். நம்மூர்ப் பண்ணையாளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது நமது 'கூலி'. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், தமிழும் தெலுங்கும் பேசிய முந்நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. அதுவரை அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளையும் மூட்டையையும் கொண்டுபோனது கயிற்றால் தைத்த மசூலாப் படகும் அதை வலித்த படகோட்டிகளும்தான். தென்னாப்பிரிக்காவில் 'கூலி' வசைச்சொல்லானது. தமிழும் தெலுங்கும் நான்கைந்து தலைமுறையில் வீட்டுப்பேச்சிலிருந்து நழுவி, ஆங்கிலம் அந்த இடத்தைப் பிடித்தது. யோருபா அப்படி முழுதும் அழிந்துவிடவில்லை. கியூபாவிலும் பிரேசிலிலும் வழிபாட்டுப் பாடல்களில் ஒளிந்துகொண்டு இன்றும் இருக்கிறது.

வடசென்னைப் பேச்சை எடுத்துக்கொண்டால் அது இந்தக் கடல்வழிகளின் வரைபடமாகவே இருக்கிறது. நாஷ்டா, பேஜார் - இந்துஸ்தானி. டப்பு, நைனா - தெலுங்கு. சாவி, ஜன்னல், பீப்பாய், ஏலம் - போர்த்துகீசியம். 'கஸ்மாலம்' என்பது அசல் சமஸ்கிருதம். வேலை வாங்குகிற 'மேஸ்திரி'யும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவர்தான். யோருபா அடிமைகள் இறங்கிய பாஹியாவுக்கும் அந்தச் சொல் போயிருக்கிறது. அங்கே கபோய்ரா என்ற அடிமைகளின் சண்டைக்கலையைக் கற்பிக்கும் ஆசானுக்கு 'மேஸ்த்ரி' என்று பேர். ஒரு சொல் ஒரு கரையில் கங்காணியாகவும் இன்னொரு கரையில் ஆசானாகவும் நிற்கிறது. சொல்லின் பொருளை அகராதி தீர்மானிப்பதில்லை.

4

இனி மூன்று ஊர்கள். பெருவின் கரையில் சிம்போத்தே: மீன்மாவு ஆலைகளும் இரும்பாலையும் வந்து, 1950கள் 60களில் மலையிலிருந்து கெச்சுவா பேசும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிய துறைமுகம். லாகோசில் அஜெகுன்லே: அபாபா துறைமுகத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு. இங்கே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நமது பட்டை.

சிம்போத்தேயைப் பற்றி எழுத முயன்றவர் ஹோசே மரியா அர்கேதாஸ். வேலைக்காரர்களோடு வளர்ந்து கெச்சுவாவைத் தாய்ப்பாலாகக் குடித்தவர். மேலே நான் சொன்ன வாரோச்சிரிப் பிரதியை 1966இல் ஸ்பானிஷில் பெயர்த்தவரும் அவர்தான். அதில் வரும் மேல்நாட்டு நரியையும் கீழ்நாட்டு நரியையும் தலைப்பாக வைத்துத் தொடங்கிய சிம்போத்தே நாவலை முடிக்காமலே 1969இல் தற்கொலை செய்துகொண்டார். 1971இல் அது வெளிவந்தது. அந்தப் பக்கங்களில் ஸ்பானிஷும் சுத்தமாக இல்லை, கெச்சுவாவும் சுத்தமாக இல்லை. மீன் நாற்றமும் ஆலைப் புகையும் உள்ள ஊருக்குச் சுத்தமான மொழி எங்கிருந்து வரும்?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1953இல் குஸ்கோ நகரில் தொடங்கிய கெச்சுவாக் கழகம். இன்காக்களின் அரண்மனையில் பேசியதே உண்மையான கெச்சுவா, அது 'காபாக் சிமி', ராஜபாஷை. விவசாயி பேசுவது கலப்படம் என்பது அதைச் சேர்ந்தவர்கள் பலரின் நிலை. கெச்சுவாவுக்கு மூன்று உயிரெழுத்தா ஐந்தா என்று பல்லாண்டுகளாகச் சண்டை வேறு. செந்தமிழ்-கொடுந்தமிழ் வழக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒடுக்கப்பட்ட மொழிக்குள்ளேயே ஒரு மேட்டுக்குடி உட்கார்ந்துகொண்டு, அதை உண்மையில் உயிரோடு வைத்திருப்பவர்களைப் பார்த்து 'நீ பேசுவது மொழியே அல்ல' என்கிறது. தனித்தமிழ் இயக்கம் வடமொழி ஆதிக்கத்தை எதிர்த்ததில் நியாயம் உண்டு. ஆனால் அதே தராசைக் குப்பத்துக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது அது சாதித் தராசாகிவிடுகிறது. சினிமாவில் 'இன்னா நைனா' என்றால் ஒன்று காமெடியன், இல்லாவிட்டால் ரௌடி. ஜெயகாந்தன் போல அந்தப் பேச்சுக்கு மனித முகம் கொடுத்தவர்கள் குறைவு.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா? பெருவில் 1975இல் வெலாஸ்கோ அரசு கெச்சுவாவை ஸ்பானிஷுக்குச் சமமான ஆட்சிமொழி என்றது. 1979 அரசியல் சட்டம் அதைக் குறிப்பிட்ட வட்டாரங்களுக்கு எனச் சுருக்கியது. 1980க்கும் 2000க்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் மாண்டவர்கள், காணாமல் போனவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவாவையோ வேறு பூர்வகுடி மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்று 2003இல் உண்மை அறியும் ஆணையம் சொன்னது. எந்த மொழி பேசுகிறாய் என்பது சாவைத் தீர்மானிக்கும் என்பதை ஈழத்தைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நைஜீரியாவில் 1970இல் இஃபே பல்கலைக்கழகம் ஃபஃபுன்வா தலைமையில் ஒரு சோதனை நடத்தியது. ஆறு வருஷத் தொடக்கக் கல்வி முழுவதும் யோருபாவில்; ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். ஆங்கில வழிக்கு மாற்றப்பட்ட பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், ஆங்கிலத்திலும்கூட. இதை நாம் தமிழ்வழிக் கல்விக்கு ஆதாரமாகக் காட்டுவோம், சரிதான். ஆனால் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, தெலுங்கு வழியில் படித்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுத முடியாமல் கோர்ட்டில் விலக்கு கேட்டு நின்றார்களே, அவர்களுக்கு இதே ஆதாரம் செல்லாதா? சென்னையின் துப்புரவுத் தொழிலாளர்களில் பலர் தெலுங்கு பேசும் தலித்துகள். 'வந்தேறி' என்ற சொல்லை ஜமீன்தாரைப் பார்த்து வீசுவதாக நினைக்கிறோம், அது விழுவது இவர்கள் மேல்.

5

மறுபடியும் அந்த இரண்டு சொற்களுக்கு வருகிறேன்.

1947இல் அபெயோகுடா சந்தைப் பெண்கள் வரியை எதிர்த்துத் திரண்டபோது ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி அவர்களுக்குத் தலைமை தாங்கினார். இங்கிலாந்தில் படித்தவர். ஆனால் பொது இடங்களில் யோருபாவிலேயே பேசினார்; புரியாவிட்டால் வெள்ளை அதிகாரி ஆள் வைத்துப் பெயர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார். அவர் மகன் ஃபேலா குட்டி பிட்ஜின் ஆங்கிலத்தில் பாடினார், யோருபா அல்லாத தொழிலாளிக்கும் போய்ச் சேர வேண்டும் என்று. சென்னையில் 1918இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் தோன்றியபோது வாடியா ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியதை ஒட்டிப் புளியந்தோப்பு எரிந்தது. மேடையில் சொன்ன 'நாம்', சேரிக்கு வந்தபோது 'நாங்கள்' ஆகிவிட்டது. பெயர்த்துச் சொல்லி ஒரு 'நாம்' உண்டாக்கிவிட முடியாது.

1950களின் தொடக்கத்தில் எழுந்த முழக்கம் 'மதராசு மனதே'. 'மன' என்பது கேட்பவரையும் உள்ளடக்குகிற 'நம்'. ஆனால் அது தெலுங்கர் தெலுங்கரிடம் சொன்னது. பக்கத்துத் தெருத் தமிழன் காதில் அது 'மாதே', அதாவது 'எங்களுடையது', என்றுதான் விழுந்தது. பதிலுக்கு நாமும் அதே இலக்கணத்தில்தான் முழங்கினோம். உள்ளடக்குகிற சொல்லும் யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து விலக்குகிற சொல்லாகிவிடும். தமிழர், தெலுங்கர், கெச்சுவாக்காரர் எல்லோருக்கும் இந்த வசதியை மொழி கொடுத்திருக்கிறது. யோருபாவுக்குக் கொடுக்காததால் அவர்கள் குறைந்தும் போகவில்லை, ஒன்றுபட்டும் விடவில்லை.

ஆகவே மொழிகளை ஒப்பிடுவோம், தாராளமாக. எது மூத்தது, எது தூயது என்பதற்காக அல்ல. ஒவ்வொரு மொழியிலும் வேலைக்கும் கடனுக்கும் முறைக்கும் கூலிக்கும் என்ன பெயர், அந்தப் பெயரை யார் யாருக்கு வைத்தார்கள், பள்ளிக்கூட வாசலில் எந்தப் பேச்சு தடுக்கப்படுகிறது என்று பார்ப்பதற்காக. எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவரின் சொற்களும், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்து அறிகிற குப்பத்துச் சொற்களும், குப்பை வண்டி தள்ளுகிற பெண்ணின் தெலுங்கும் நமது ஒப்பிலக்கணத்தில் இடம்பெறாதவரை, 'நம் மொழி' என்று மேடையில் நாம் சொல்வதை அவர்கள் 'உங்க மொழி' என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படிக் கேட்பது தப்பும் இல்லை.